மகனுக்கு 18 ஆகப்போகிறது: பள்ளி வேன் வராத காலையில் என்ன செய்வது?

வைகைக்கரை, மதுரை | ஜூன் 8, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடங்களாக இங்கே வாசித்து மட்டும் வந்தேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகனுக்கு வரும் கார்த்திகையில் 18 முடிகிறது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு ஆறேழு சொற்கள்தான். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். படப் புத்தகத்தில் தொட்டும் சொல்வான். சாப்பாடு, குளியல், கழிப்பறை எல்லாம் தானாகவே. இந்தக் கல்வியாண்டோடு அவனுக்குப் பள்ளியில் இடம் இல்லை. போன வாரம் அழைத்துச் சொல்லிவிட்டார்கள். பதினான்கு வருடங்களாகப் போய்வந்த இடம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், என் பயம் உங்களுக்குப் புரியும். காலை 7:50க்கு வேன் வரும். அவன் 7:30க்கே சீருடை போட்டு, ஷூ மாட்டி, வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இந்தக் கோடை விடுமுறையில் தொடர்ந்து பதினொரு நாள் உட்கார்ந்தான். எட்டரை மணி ஆகியும் வேன் வராவிட்டால் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்குவான். பல் பதிந்த தழும்பு இன்னும் ஆறவில்லை. விடுமுறை என்றால் ஜூனில் வேன் திரும்பி வரும். அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு அது வரவே வராது. அதை அவனுக்கு எந்தப் படத்தைக் காட்டிச் சொல்வேன்?

கணவர் தனியார் மில்லில் சூப்பர்வைசர். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. எங்கிருந்து தொடங்குவது என்று, இதைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல், நாகர்கோவில் | ஜூன் 8, இரவு 11:15

அக்கா, அந்த வாசற்படியை நானும் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு இப்போது 22. நாளை விரிவாக எழுதுகிறேன். இன்றிரவு தூங்குங்கள், இன்னும் பத்து மாதம் இருக்கிறது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

அச்சுக்கூடம், சிவகாசி | ஜூன் 9, காலை 6:05

அம்மா, என் மகனுக்கு 24 வயது. உங்கள் மகனைப் போலத்தான், பேச்சு மிகக் குறைவு. எங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பள்ளி நின்ற முதல் ஒன்றரை வருடத்தை நாங்கள் பாழாக்கினோம். 'பெரிய சுமை குறைந்தது, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்' என்று நினைத்தோம். ஆறே மாதத்தில் பகலும் இரவும் இடம் மாறிவிட்டன. விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்கி மதியம் எழுவான். 16 கிலோ எடை கூடியது. அவனே சட்டைப் பொத்தான் போடுவான், அதுவும் நின்றுபோனது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். அவன் வயிற்றையும் மூளையையும் ஆராய்ந்தோமே தவிர, செய்வதற்கு அவனுக்கு ஒன்றுமே இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு அச்சகம் உண்டு. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பில் புத்தகம் அதிகம் அடிப்போம். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்று தாள்களை வரிசையாக அடுக்க வேண்டும், எண் தவறக்கூடாது. ஒருநாள் வேறு வழியில்லாமல் அவனையும் கூட்டிப்போனேன். இயந்திரம் ஓடும் கூடத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். முதலாளி நல்ல மனிதர். பின்புறம் தாள் கிட்டங்கியில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அங்கே மூன்று நிறத் தாள்களையும் அவன் முன் வைத்தேன். முதல் நாள் பன்னிரண்டு செட். நடுவே தாளைக் கிழித்தும் போட்டான். இரண்டாம் வாரம் நாற்பது. இப்போது காலை பத்து முதல் ஒரு மணி வரை இருநூறு செட் அடுக்குகிறான்.

அவன் மேதை அல்ல. தொலைக்காட்சியில் காட்டுகிற அபூர்வப் பிள்ளைகள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் தாள் வரிசை மாறினால் அவனுக்குப் பொறுக்காது. அது வீட்டில் எங்களுக்குத் தொல்லையாக இருந்த அதே குணம்தான்.

ஆகவே, முதலில் பணத்தையும் ஹோமையும் பற்றி யோசிக்காதீர்கள். காலை பத்து மணிக்கு அவன் எங்கே இருப்பான், கையில் என்ன இருக்கும்? அதை முடிவு செய்யுங்கள். பள்ளி இருக்கும்போதே தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம். அந்த நாளுக்கென்று வேறு ஒரு சட்டை எடுத்து வையுங்கள். சீருடை போட்டால் பள்ளி, இந்தச் சட்டை போட்டால் வேலை என்று உடம்புக்குத் தெரியட்டும். நாங்கள் இதைப் பின்னால்தான் கற்றோம்.

சிறப்பாசிரியர், தஞ்சை | ஜூன் 9, மாலை 7:30

இருபத்தொரு வருடங்களாகச் சிறப்புப் பள்ளியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லத்தான் வேண்டும். 15 வயதுப் பையனிடம் இன்னமும் 'அ, ஆ' எழுத வைக்கிறோம். பெற்றோர் நோட்டைப் பார்த்து மகிழ்வார்கள், ஆய்வுக்கு வருபவரும் மகிழ்வார். அந்தப் பையனுக்கோ முகச்சவரம் செய்யத் தெரியாது. பொதுக் கழிப்பறையில் எங்கே நிற்க வேண்டும், யார் முன் சட்டையைக் கழற்றக்கூடாது, வீட்டுச் சாவியை எங்கே மாட்டுவது, வலித்தால் எங்கே தொட்டுக் காட்டுவது என்பதும் தெரியாது. அவன் வளர்ந்த ஆளாக வாழப்போவது இவற்றைக் கொண்டுதான்.

14 வயதிலேயே பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து இதைத் திட்டமிட வேண்டும். உங்களிடம் இருப்பது பத்து மாதம். அதில் ஐந்தாறு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து முதலில் வர வேண்டியது 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிவது. பேச்சாக இருக்கட்டும், கையசைப்பாக இருக்கட்டும், படமாக இருக்கட்டும். 'வேண்டாம்' என்பதைக் காட்ட முடிகிற பிள்ளைக்குக் கடிக்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் வரலாம். மதிப்பீடு செய்வார்கள், தொழிற்பயிற்சிப் பிரிவும் உண்டு. தென்காசிப் பக்கம் உறவினர் இருந்தால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் பாருங்கள். அங்கே சேர்த்துவிட்டு வரச் சொல்லவில்லை. பெரிய பிள்ளைகள் பகலில் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், உங்கள் தெருவில் என்ன கிடைக்கும் என்று யோசிக்கத் தெரியும்.

வைகைக்கரை, மதுரை | ஜூன் 10, பகல் 2:20

ஐயா, அந்தச் சட்டை யோசனையைப் படித்து அழுதுவிட்டேன். இத்தனை எளிதான ஒன்று எனக்குத் தோன்றவில்லையே.

இன்னொரு கேள்வி. அவனுடைய உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கை நான்தான் இயக்குகிறேன். 18 ஆனதும் என் கையெழுத்து செல்லாது, அவனே வந்து போட வேண்டும் என்கிறார் மேலாளர். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 'கோர்ட்டுக்குப் போங்கள்' என்கிறார். உண்மையிலேயே நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டுமா?

பழைய கோப்பு, திருச்சி | ஜூன் 10, இரவு 9:10

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் பேரனுக்கும் ஆட்டிசம்தான். சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

நீதிமன்றம் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் என்றே வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் உள்ளூர்நிலைக் குழு இருக்கிறது. தலைவர் மாவட்ட ஆட்சியர். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். 18 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படியான காப்பாளரை இந்தக் குழுவே நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்றுக் கணக்கைத் திறக்கவும் இயக்கவும் விடலாம் என்று ரிசர்வ் வங்கியே அறிவுறுத்தியிருக்கிறது. மேலாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். கோபப்படாமல் அந்த அறிவுறுத்தலை அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.

காப்பாளர் என்பது வெறும் பட்டம் அல்ல. நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, வரவு, கடன் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். சரியாகப் பார்த்துக்கொள்ளாதவரை நீக்கவும் வழி உண்டு.

கணவர் மில்லில் இருக்கிறார் என்றீர்கள். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமாக முற்றிலும் இயலாத பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு. மகன் பெயர் ஆவணத்தில் இருக்கிறதா என்று நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். அரசு ஊழியர் குடும்பங்களிலும் இப்படித்தான்: சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது, ஆனால் பெற்றோர் தாம் உயிரோடு இருக்கும்போதே பெயரைச் சேர்ப்பதில்லை. தந்தை இறந்த பிறகு சான்றிதழுக்காக அலைகிற தாய்மார்களை அலுவலக வராந்தாவில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது மனத்தை விட்டுப் போகவில்லை.

வீடு சொந்தமா? உயில் எழுதுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 28ஆம் பிரிவின்படி நோயோ குறைபாடோ காரணமாக யாருக்கும் பங்கு மறுக்க முடியாது. நல்லதுதான். ஆனால் உயில் இல்லாமல் போனால் அவன் பங்கை யார் பார்த்துக்கொள்வது என்பதில் உறவுகள் முட்டிக்கொள்ளும். நம்பிக்கையான இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளர்களாகப் போட்டு, அவனுக்காகவே ஒரு தனி அறக்கட்டளை வைத்து, பங்கு அதற்குப் போகும்படி செய்யலாம். வழக்கறிஞரைப் பார்த்துச் செய்யுங்கள்.

முதலில் சொன்ன 1999 சட்டப்படி மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்றா? ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை.

மௌனராகமல்ல, சென்னை | ஜூன் 11, காலை 5:50

எனக்கு 27 வயது. எனக்கு ஆட்டிசம் என்று 19 வயதில் தெரிந்தது. வீட்டிலிருந்து வரைபடத் தரவுகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். இந்த இழையில் எங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்களில் ஒருவனும் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

பழைய கோப்பு ஐயா சொன்னவை பயனுள்ளவை. ஆனால் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 13ஆம் பிரிவில், மற்றவர்களைப் போலவே எங்களுக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறது. சொத்து வைத்திருக்கவும் பண விவகாரங்களைக் கையாளவும் உரிமை உண்டு. 14ஆம் பிரிவு சொல்வது வரையறுக்கப்பட்ட காப்பாளரை. குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, எங்களைக் கலந்து, எங்கள் விருப்பப்படி அவர் நடக்க வேண்டும். ஓர் ஆளின் வாழ்க்கை முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்வது வேறு, வங்கிக் கணக்குக்கு உதவி கேட்பது வேறு. ஐயா சொன்ன 1999 சட்டத்திலேயேகூட, இவருக்குக் காப்பாளர் தேவையா, எதற்காகத் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த இரண்டாவது கேள்விக்கு 'எல்லாவற்றுக்கும்' என்று எழுதிவிடாதீர்கள், அக்கா.

அரசுத் தாள்களில் எங்களைப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதன் கீழே கையெழுத்துப் போடும்போது கை நின்றுவிடுகிறது. எனக்குப் புற உலகம் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருக்கிறது. அலுவலகக் காத்திருப்பு அறையில் நீங்கள் கேட்காத மின்விசிறியின் கிறீச்சொலி எனக்கு எல்லாக் குரல்களுக்கும் மேலே கேட்கும். உங்கள் மகன் எட்டரை மணிக்குக் கையைக் கடிப்பது வேன் மீதுள்ள ஆசையால் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் போகிற அந்த நிமிடம் எங்களுக்கு உடம்பிலேயே வலிக்கும்.

அச்சுக்கூடம், சிவகாசி | ஜூன் 11, பகல் 1:45

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நீங்கள் இவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்கள். என் மகனிடம் 500 ரூபாய்த் தாளையும் பத்து ரூபாய்த் தாளையும் வைத்தால், நிறம் பிடித்ததை எடுப்பான். அவனிடம் விருப்பத்தைக் கேள் என்று சட்டம் சொன்னால் நான் எப்படிக் கேட்பேன்? அவன் பெயரில் யாராவது நிலத்தை எழுதி வாங்கிவிட்டால் உரிமைச் சட்டம் வந்து மீட்குமா? எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒன்று நடந்தது.

அதனால் முழுக் காப்பாளராகவே நான் நியமனம் பெற்றேன். அதற்காக வருந்தவில்லை.

மௌனராகமல்ல, சென்னை | ஜூன் 11, இரவு 8:30

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஏமாற்றுகிறவர்களிடமிருந்து காக்கும் ஏற்பாடு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் மகனிடம் விருப்பத்தைக் கேட்டவரே நீங்கள்தான். இயந்திரக் கூடத்திலிருந்து அவர் தெருவுக்கு ஓடினார். நீங்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மேசையைக் கிட்டங்கிக்கு மாற்றினீர்கள். சட்டம் 'கலந்து' என்று சொல்வது அதைத்தான். நிலத்தை விற்பது பற்றி அவரிடம் கேட்க முடியாமல் இருக்கலாம். எந்தச் சட்டை, எந்த வேலை, யாரோடு தூங்குவது, எந்த முடிதிருத்துபவர், மாத்திரை தின்றதும் தலை சுற்றுகிறதா என்பவற்றைக் கேட்கலாம். காப்பாளர் ஆணை கைக்கு வந்ததும் பல வீடுகளில் இந்தச் சின்னக் கேள்விகளும் நின்றுவிடுகின்றன. என் பயம் அது.

அச்சுக்கூடம், சிவகாசி | ஜூன் 11, இரவு 9:55

சரி தம்பி. அப்படிச் சொன்னால் ஏற்கிறேன். நன்றாகச் சொன்னீர்கள்.

கோவை அக்கா | ஜூன் 12, இரவு 11:40

நான் தாய் அல்ல, அக்கா. என் தம்பிக்கு 29, எனக்கு 33.

அப்பா தயாரித்த எல்லாத் தாள்களிலும் 'இவர்களுக்குப் பின்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததே என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம்தான். தம்பியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்பது இல்லை. அவனுக்குப் பல் விளக்கக் கற்றுக்கொடுத்ததே நான். ஆனால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சம்மதம் என் வாயிலிருந்து வந்திருக்கும். கேட்காததால் பல மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. அந்த மாதங்கள் இனித் திரும்ப வராது. அப்பா போன தையில் காலமாகிவிட்டார்.

தயவுசெய்து கூடப் பிறந்தவர்களைக் கேளுங்கள். 'முடியாது' என்று சொல்லவும் இடம் கொடுத்துக் கேளுங்கள். முடிந்த அளவு எவ்வளவு என்றும் கேளுங்கள். நான் தம்பியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தாலும் பணக் கணக்கைப் பார்க்க முடியும், மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்க முடியும், மருத்துவரிடம் கூட்டிப்போக முடியும். எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்ட வேண்டியதில்லை.

அப்பா செய்த ஒரு காரியத்துக்கு மட்டும் தினமும் நன்றி சொல்கிறேன். பழைய டைரியில் தம்பியைப் பற்றி எழுதி வைத்திருந்தார். மயக்க ஊசி போட்டால் இவனுக்கு வாந்தி வரும். தயிரைச் சோற்றின் மேல் ஊற்றக்கூடாது, பக்கத்தில் கிண்ணத்தில் வைக்க வேண்டும். வலது காதைத் தட்டினால் தலைவலி. இரண்டு கையாலும் வயிற்றைத் தேய்த்தால் பசி அல்ல, மலச்சிக்கல். மின்சாரம் போனால் உடனே டார்ச்சை அவன் கையில் கொடு, நீ பிடிக்காதே. இப்படி நாற்பது பக்கம். அப்பா போன வாரத்தில் தம்பி வலது காதைத் தட்டிக்கொண்டே இருந்தான். வீடு நிறைய ஆட்கள், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டைரியைத் திறந்த பிறகு மாத்திரை கொடுத்தேன், தூங்கினான். அம்மா, இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள்.

நெய்தல், நாகர்கோவில் | ஜூன் 13, மாலை 4:15

சொன்னபடி எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் சில கதவுகள் மூடிக்கொள்கின்றன. என் மகளைப் பகல்நேர மையத்தில் சேர்த்தேன். காலை பத்து முதல் மூன்று மணி வரை. பாக்குமட்டைத் தட்டு அழுத்துவார்கள், மாலை கட்டுவார்கள். அவளுக்கு நார் உரிப்பது மிகவும் பிடிக்கும். போக வர ஆட்டோவில் நானே உடன் போகிறேன். எனக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது பத்து நாள் எங்காவது விட வேண்டியிருந்தது. அப்போதுதான் ஹோம்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

மூன்று இடங்களைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். முதல் இடத்தில் வரவேற்பறையில் மீன் தொட்டி, சுவரெல்லாம் சான்றிதழ். உள்ளே பெண்கள் பகுதியில் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கேட்டதற்கு 'இவர்களுக்கு எதற்கு?' என்றார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை கால் நடுங்கியது. மூன்றாவது இடம் பழைய ஓட்டு வீடு, பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லை. நான் போனது மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு பெண் சாப்பிட மறுத்துத் தட்டைத் தள்ளினாள். அங்கிருந்த அம்மா திணிக்கவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, 'அரை மணி கழித்துக் கேட்கிறேன்' என்றார். அங்கேதான் விட்டேன்.

ஆகவே சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு வேளையில் போங்கள். இரவுப் பணியில் யார் இருக்கிறார்கள், மகளுக்குப் பெண் பணியாளரா என்று கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். நாம் வெட்கப்பட்டால் பிள்ளைதான் அதன் பலனை அனுபவிக்கும். தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற இடமா என்றும் பாருங்கள். குறுகிய காலம் விடுவதற்கு 'சமர்த்', வளர்ந்தவர்கள் நிரந்தரமாகத் தங்க 'கரௌண்டா' என்று தனித்தனியாக இருந்த அவர்களின் திட்டங்களை இப்போது ஒன்றாக்கியிருக்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு. நம் மாநிலத்தில் பகல் மையமாவது பெரிய ஊர்களில் உண்டு, வளர்ந்த பிள்ளைகள் தங்கி வாழ நல்ல இடம் தேடினால் கால் தேய்கிறது. மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறந்திருக்கிறார்கள், சிகிச்சைக்கு ஊர்விட்டு ஊர் அலைவது குறைந்திருக்கிறது, மனதார வரவேற்கிறேன். 40 வயது ஆட்டிசக்காரர் எங்கே வாழ்வார் என்ற கேள்விக்கும் அரசு இதே வேகத்தில் வர வேண்டும். நாம்தான் கேட்க வேண்டும், சேர்ந்து கேட்க வேண்டும்.

இன்னொன்று. நெருக்கடி வருமுன்னே ஓரிரவு, ஈரிரவு தங்கிப் பழக்குங்கள். நம் மரணச் செய்தியும் புது இடமும் ஒரே நாளில் பிள்ளைக்கு வந்து சேரக்கூடாது.

வடலி, ஸ்காபரோ | ஜூன் 14, காலை 8:00

கனடாவில் இருந்து எழுதுகிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். மகளுக்கு 20 வயது. இங்கே எல்லாம் கிடைக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் ஆட்டிசத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடும். வளர்ந்தோர் சேவைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், 18இல்தான் சேவை தொடங்கும். எனக்கு அது தெரியாமல் 18க்குப் பிறகு போனேன், வரிசையின் கடைசியில் நிற்கிறேன். வதிவிட இல்லத்துக்கு இங்கேயும் பல வருடக் காத்திருப்பு.

மாற்றுத்திறனாளிகளுக்கான பதிவுபெற்ற சேமிப்புத் திட்டம் 2008இல் இங்கே வந்தது. நாங்கள் போடுகிற பணத்தோடு அரசாங்கமும் வாழ்நாளில் 70,000 டொலர் வரை மானியம் சேர்க்கும், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மேலும் 20,000 வரை. இப்படி ஒன்றை இந்தியாவிலும் இலங்கையிலும் பெற்றோர் சங்கங்கள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இலங்கையில் இருக்கிற என் தமக்கையின் பிள்ளைக்கு, பாடசாலை முடிந்த பிறகு வீட்டு முற்றத்தைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை.

தங்கச்சி, உங்கள் பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லை. எந்தக் காகிதமாக இருந்தாலும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

பழைய கோப்பு, திருச்சி | ஜூன் 14, பகல் 12:30

காகிதம் என்றதும் நினைவுக்கு வந்தது. மகனின் ஆதாரில் 15 வயதுக்கான கைரேகை, கருவிழிப் பதிவு புதுப்பித்தாயிற்றா? பல பிள்ளைகள் கருவியின் முன் உட்கார மறுத்து அது விடுபட்டிருக்கும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தற்காலிகமானதா, நிரந்தரமானதா என்றும் பாருங்கள். காலாவதியான சான்றிதழோடு குழுவின் முன் போய் நிற்காதீர்கள்.

சென்னைத் தம்பி சொன்னது சரி. என் பேரனுக்கு வயது வரும்போது, எதற்காகக் காப்பாளர் என்ற இடத்தில் யோசித்தே எழுதச் சொல்வேன்.

வைகைக்கரை, மதுரை | நவம்பர் 23, இரவு 9:20

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். எல்லோரையும் தினமும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு மெஸ் இருக்கிறது, மாலையில்தான் திறப்பார்கள். பார்சல் கட்ட வாழை இலையைச் சதுரமாக நறுக்கி, செய்தித்தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்து அடுக்க வேண்டும். காலையில் அந்தக் கூடம் அமைதியாக இருக்கும். உரிமையாளர் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'கூட்டி வா, பார்க்கலாம்' என்றார். ஆகஸ்டில் சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தொடங்கினோம். இலையை நறுக்க அவனைக் கத்தி பிடிக்க விடவில்லை, அடுக்குவது மட்டும். முதல் மூன்று சனியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருநாள் இலை கிழிந்திருந்ததால் கூச்சலிட்டுக் கூடையையே கவிழ்த்துவிட்டான். இனி வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அந்த அம்மா கிழிந்த இலைக்கென்று தனியாக ஒரு வாளி வைத்துவிட்டார். இப்போது கிழிந்தது என்றால் அவனே வாளியில் போடுகிறான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு 60 ரூபாய் தருகிறார்.

பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அவனே எடுத்தான். நான் வாங்க நினைத்தது நீலம்.

சீருடையோடு வாசலில் உட்காருவது முற்றிலும் நிற்கவில்லை. போன வாரம் பள்ளிக்கு மழை விடுமுறை விட்ட நாளில் உட்கார்ந்தான். படப் புத்தகத்தில் வேன் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட அட்டையும் பக்கத்தில் பச்சைச் சட்டைப் படமும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். கையைக் கடிக்கவில்லை. உள்ளே போய் ஷூவைக் கழற்றினான்.

நோட்டில் இருபத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். கணவர் வைப்பு நிதி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்தார். இந்த வாரம் அவனுக்கு 18 முடிந்தது. காப்பாளர் விண்ணப்பத்தில் எதற்காக என்ற இடத்தில் வங்கிக் கணக்கு, உதவித்தொகை, மருத்துவச் சிகிச்சை என்று மூன்றை மட்டும் எழுதினோம். அடுத்த வியாழன் ஆட்சியர் அலுவலகத்தில் குழுக் கூட்டம். அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார் கணவர். அவனைப் பற்றிய முடிவு, அவனும் வரட்டும் என்று நான் சொன்னேன்.

சென்னைத் தம்பி, காத்திருப்பு அறை மின்விசிறியைப் பற்றி எழுதியிருந்தீர்களே. சத்தம் தடுக்கும் காதுமூடி வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். சிறுவர்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று இரண்டு அளவு இருக்கிறது. எது வாங்க?

மௌனராகமல்ல, சென்னை | நவம்பர் 23, இரவு 9:32

பெரியவர்களுக்கான அளவு, அக்கா. வியாழனுக்கு முன் வீட்டில் இரண்டு மூன்று நாள் மாட்டிப் பழகட்டும்.